நாற்காலி காத்திருக்கட்டும்

கேள்வி: அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் முன்னாள் வீரர்களை ‘ஹால் ஆஃப் ஃபேம்’ பட்டியலில் சேர்க்கிறார்களே, அது நம் ஊர் பாராட்டு விழா மாதிரிதானா?
– வாசகி, கும்பகோணம்

பதில்: சால்வையோடு முடிகிற சமாச்சாரம் இல்லை. பெரும்பாலான இடங்களில், படிப்பை முடித்துச் சில வருடங்கள் ஆன பிறகே பெயரைப் பரிசீலிப்பார்கள். கல்லூரிச் சட்டை போட்டு என்ன சாதித்தார் என்பதுதான் முதல் கணக்கு. ஆறப்போட்டுப் பார்த்தால்தானே பதரும் நெல்லும் பிரியும்!

லாஸ் ஏஞ்சலிஸின் யுசிஎல்ஏ பல்கலைக்கழகம், 1984-இல் தன் முதல் பட்டியலை வெளியிட்டது. அதில் கூடைப்பந்து வீரர் கரீம் அப்துல் ஜப்பாருடன் ஜாக்கி ராபின்சனும் இருந்தார். 1947-இல் மேஜர் லீக் பேஸ்பாலில் கறுப்பின வீரர்களுக்கு இருந்த நிறத்தடையை உடைத்த அதே ராபின்சன். வேடிக்கை என்னவென்றால், கல்லூரியில் அவருக்குச் சரிப்படாத ஆட்டமே பேஸ்பால்தான். 1940-இல் அவருடைய பேட்டிங் சராசரி .097, பத்து முறை மட்டை பிடித்தால் ஒரு ஹிட்கூடத் தேறாது. ஆனால் அதே ஆண்டு நீளம் தாண்டுதலில் தேசியக் கல்லூரிச் சாம்பியன்! அமெரிக்கக் கால்பந்து, கூடைப்பந்து, தடகளம், பேஸ்பால் என நான்கிலும் பல்கலைக்கழகத்துக்காக ஆடியவர், 1941-இல் பட்டம் வாங்காமலே வெளியேறினார்.

2014-இல், அவருடைய 42-ஆம் சட்டை எண்ணை இனி எந்த விளையாட்டிலும் யாருக்கும் தருவதில்லை என்று யுசிஎல்ஏ அறிவித்தது. பெரிய மரியாதைதான். ஆனால் ராபின்சன் 1972-லேயே காலமாகிவிட்டார். ஆறப்போடுவது நல்லது, ஆள் மேடையேறிக் கைதட்டலைக் கேட்கும் காலத்துக்குள் முடித்துக்கொண்டால் இன்னும் நல்லது.