விறகுக்குள் பிறக்கும் வெப்பம்

தடித்த விறகுக்கட்டை ஒன்றைச் சிறிது நேரம் அடுப்பில் எரியவிட்டு, அணைத்து, பிளந்து பார்த்தால் ஓர் உண்மை புலப்படும். அதன் புறப்பகுதி கருகியிருக்கும். உட்பகுதியோ நிறம் மாறாமல் இருக்கும். மரம் வெப்பத்தை எளிதில் கடத்தாது என்பதே இதற்குக் காரணம்.

மரத்தை எரிபொருளாக மாற்ற முயல்வோருக்கு இப்பண்பு ஒரு தடையாகும். காற்றுப் புகாத கலத்தில் மரத்தை ஏறத்தாழ 500 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கினால் அது தீப்பற்றுவதில்லை. சிதைந்து கரி, உயிரி எண்ணெய், எரிவளி என மூன்றாகப் பிரிகிறது. இதற்கு வெப்பச்சிதைவு என்று பெயர். வெப்பம் விரைந்து பரவ வேண்டுமானால் மரத்தைச் சிறு துகள்களாக அரைக்க வேண்டும். அவ்வாறு அரைப்பதற்கும் ஆற்றல் செலவாகும்.

இத்தடையைக் கடக்க அறிவியலாளர் நாடிய வழிகளுள் ஒன்று நுண்ணலை. 1945ஆம் ஆண்டில், ராடார் கருவிக்குரிய மாக்னட்ரான் குழலின் அருகே நின்ற அமெரிக்கப் பொறியாளர் பெர்சி ஸ்பென்சரின் சட்டைப்பையிலிருந்த இனிப்பு உருகியது. அந்நிகழ்ச்சியே நுண்ணலை அடுப்பு தோன்ற வழிவகுத்தது. அவ்வடுப்பில் நுண்ணலை ஒரு நொடிக்கு 245 கோடி முறை அலைவுறுகிறது. அதற்கேற்பத் திரும்ப முயலும் நீர் மூலக்கூறுகள் தம்மைச் சூழ்ந்தவற்றோடு உராய்வதால், பொருளின் உள்ளேயே வெப்பம் பிறக்கிறது. ஈரமுள்ள மரத்துக்கும் இது பொருந்தும். எனவே, மரத்தை மாவாக அரைக்காமல் சற்றுப் பெரிய துண்டுகளாகவே பயன்படுத்த இயலும்.

ஆயினும், ஈரம் வற்றியபின் ஒரு சிக்கல் எழுகிறது. உலர்ந்த மரம் நுண்ணலையை நன்கு ஏற்பதில்லை. ஆகவே, சிதைவுக்குத் தேவையான வெப்பநிலையை எட்டுவது கடினமாகிறது. இதற்குரிய தீர்வும் மரத்திலிருந்தே கிடைத்தது. கரி நுண்ணலையை நன்கு ஏற்கும். மரத்துண்டுகளுடன் சிறிது கரியைக் கலந்தால், அது முதலில் சூடேறித் தன்னைச் சூழ்ந்த மரத்தைச் சிதைக்கிறது. சிதைந்த மரமும் கரியாகி, மேலும் நுண்ணலையை ஏற்கிறது. இவ்வாறு, ஒரு முறை விளைந்த கரி அடுத்த முறைக்கு வித்தாகிறது.

இம்முறையில் கிடைக்கும் எண்ணெயை அப்படியே வாகனத்தில் ஊற்ற இயலாது. அதில் நீரும் அமிலமும் மிகுதி. அதன் வெப்ப ஆற்றலோ, அதே எடையுள்ள டீசலின் ஆற்றலில் பாதிக்கும் குறைவு. மேலும், நுண்ணலையை உண்டாக்க மின்சாரம் வேண்டும். அனல்மின் நிலையத்தில் நிலக்கரி தரும் வெப்பத்தின் பெரும்பகுதி மின்சாரமாக மாறாமல் வீணாகிறது. அம்மின்சாரம் நுண்ணலையாக மாறும்போதும் ஒரு பகுதி இழக்கப்படுகிறது. எனவே, செலவிட்ட ஆற்றலைவிடப் பெற்ற ஆற்றல் மிகுதியா என்று கணக்கிட்ட பின்னரே இம்முறையின் பயனை மதிப்பிட வேண்டும்.

மூலப்பொருளைத் தேர்ந்தெடுப்பதிலும் கருத்து வேண்டும். எரிபொருளுக்காக வளரும் மரங்களை வெட்டினால், ஒன்றைக் காக்க மற்றொன்றை அழித்ததாகும். மர அறுவை ஆலைகளில் குவியும் மரத்தூள், கழித்த கிளைகள், இந்தியக் காடுகளில் பரவி நாட்டுத் தாவரங்களை நெருக்கும் உண்ணிச்செடி போன்றவையே இதற்கு ஏற்றவை. வரவும் செலவும் அறிந்து பயன்படுத்தினால், வீணாகும் விறகும் ஆற்றலின் ஊற்றாகும்.

சொற்பொருள்

கலம் – பாத்திரம்
எரிவளி – எரியும் தன்மையுள்ள வாயு
வித்து – விதை, மூலம்
புறப்பகுதி – வெளிப்பகுதி

வினாக்கள்

1. வெப்பச்சிதைவில் மரம் எவ்வெப்பொருள்களாகப் பிரிகிறது?
2. மரத்துண்டுகளுடன் கரியைக் கலப்பது ஏன்?
3. ‘ஒன்றைக் காக்க மற்றொன்றை அழித்ததாகும்’ – இத்தொடரை விளக்குக.
4. உங்கள் ஊரில் வீணாகும் மரப்பொருள்களைப் பட்டியலிட்டு, அவற்றின் பயன்பாடு குறித்து ஒரு பத்தி எழுதுக.