பூனை பழிவாங்குமா?

"நாய்க்கு ஆள் முக்கியம், பூனைக்கு வீடுதான் முக்கியம்" என்று சொல்லிச் சொல்லியே அதை நன்றிகெட்ட பிராணியாக்கிவிட்டோம். சாக்கில் கட்டி ஊர் எல்லையில் விட்டுவந்த பூனை சில நாளில் வாசலில் வந்து நின்றாலும், வீட்டைத் தேடித்தான் வந்தது என்கிறோம். இதில் பாதி உண்மை உண்டு. வீட்டுப் பூனையின் மூதாதை ஆப்பிரிக்கக் காட்டுப்பூனை. தனக்கென்று ஓர் எல்லை வைத்துக்கொண்டு தனியாக வேட்டையாடும் பிராணி அது. பழகிய இடம்தான் அதற்குப் பாதுகாப்பு.

அதற்காக ஆள்மீது பற்று இல்லை என்றாகிவிடாது. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் கிறிஸ்டின் விட்டேலின் குழு இதைச் சோதித்தது. பூனைக்குட்டி புதிய அறையில் வளர்ப்பவரோடு இரண்டு நிமிடம் இருக்கும். பிறகு இரண்டு நிமிடம் தனியாக. பிறகு வளர்ப்பவர் திரும்பி வருவார். 2019இல் வெளியான முடிவின்படி, சுமார் 64 சதவீதக் குட்டிகள் அவரைக் கண்டதும் பதற்றம் தணிந்து, அவரிடம் வந்தும் அறையைச் சுற்றிப் பார்த்தும் இயல்பாகிவிட்டன. கைக்குழந்தைகளிடம் காணப்படும் விகிதமும் ஏறக்குறைய இதுதான்.

கூப்பிட்டால் திரும்பிக்கூடப் பார்க்காதே என்பார்கள். காதைக் கவனியுங்கள். அதே 2019இல் ஜப்பானிய ஆய்வாளர் அட்சுகோ சைட்டோ, பூனைகள் தம் பெயரை அதேபோல் ஒலிக்கும் பிற சொற்களிலிருந்து பிரித்தறிவதைக் காட்டினார். காது அசையும், தலை லேசாகத் திரும்பும். எழுந்து வருவதும் வராததும் அதன் விருப்பம்.

பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிட்டதாக நினைக்கும் என்பது நம் பழமொழி. உங்களைப் பார்த்தபடியே அது மெல்லக் கண்ணைச் சுருக்கி மூடினால், பயமில்லாமல் இருக்கிறது என்று பொருள். நீங்களும் அப்படியே செய்து பாருங்கள். மெல்லக் கண் சிமிட்டிய புதியவர்களிடம் பூனைகள் கூடுதலாக நெருங்கி வந்ததை இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020இல் பதிவுசெய்தார்கள்.

குர்குர் என்ற சத்தம் எப்போதும் மகிழ்ச்சி அல்ல. அடிபட்ட பூனையும் பிரசவ வேதனையில் இருக்கும் பூனையும்கூட அப்படிச் சத்தமிடும்.

இவையெல்லாம் சிறிய தவறுகள். பூனையின் உயிருக்கே உலை வைக்கும் நம்பிக்கை ஒன்று உண்டு: திட்டினால் மெத்தையில் சிறுநீர் கழித்துப் பழிவாங்கும் என்பது. மூக்கை அந்த ஈரத்தில் தேய்த்து அடிப்பது, பிறகு எங்காவது கொண்டுபோய் விடுவது என்று இது எத்தனையோ வீடுகளில் நடக்கிறது. அடி வாங்கிய பூனை கற்றுக்கொள்வது ஒன்றே ஒன்றுதான், அந்த ஆளைக் கண்டால் ஒளிந்துகொள்ள வேண்டும் என்பது.

காரணம் வேறு எங்கோ இருக்கும். மண் தட்டு அசுத்தமாக இருக்கலாம். தட்டு வைத்த இடத்தில் ஆள் நடமாட்டமோ இரைச்சலோ அதிகம் இருக்கலாம். வீட்டுக்குப் புதிதாக ஒரு பூனை வந்திருக்கலாம். கருத்தடை செய்யாத கடுவன் என்றால் சுவரிலும் கதவிலும் பீய்ச்சி எல்லையைக் குறிக்கும். இவற்றுக்கு இணையாக நினைக்க வேண்டியது நோயை. சிறுநீர்ப்பை வீங்கி எரியும்போது பூனை வழக்கமான தட்டையே வலியோடு சேர்த்து நினைத்து, மெத்தென்ற வேறு இடம் தேடும். சிறுநீரில் ரத்தம் தெரிந்தாலோ, அடிக்கடி போய்ச் சொட்டுச் சொட்டாகக் கழித்தாலோ அது நோய்தான்.

கடுவனுக்குச் சிறுநீர்ப் பாதை குறுகலானது, எளிதில் அடைத்துக்கொள்ளும். தட்டில் உட்கார்ந்து முக்கும், கத்தும், அடிக்கடி அந்த இடத்தை நக்கும், ஒரு சொட்டும் வராது. மலச்சிக்கல் என்று நினைத்து விளக்கெண்ணெய் கொடுத்துக் காத்திருக்காதீர்கள். முழு அடைப்பு என்றால் இரண்டு மூன்று நாளில் உயிர் போய்விடும். இரவானாலும் அன்றைக்கே கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.