கீரைப் பாத்தியும் பக்கத்து வீட்டுப் பூனையும்



வீட்டுக் கொல்லையில் நாலு பாத்தி கட்டி, அரைக்கீரையும் சிறுகீரையும் கொத்தமல்லியும் விதைத்திருக்கிறீர்கள். நல்ல காரியம். அரிசி களைந்த தண்ணீரும் காய் கழுவிய தண்ணீரும் ஊற்றினாலே போதும், அதிகச் செலவில்லாமல் கர்ப்பிணித் தாய்க்கும் பிள்ளைகளுக்கும் சத்தான கீரை கிடைத்துவிடும். ஆனால் விதை போட்ட மறுநாள் காலையில் போய்ப் பார்த்தால் பாத்தி கிளறிக் கிடக்கிறது.

"ஏங்க, மறுபடியும் அந்தப் பூனை வந்து அசிங்கம் பண்ணிட்டுப் போயிருக்கு. நான் கையாலே அள்ளிப் போட்டுட்டு வந்துடறேன்" என்கிறாள் மனைவி. அவளுக்கு இது மூன்றாவது மாதம்.

அவள் அதை அள்ளலாமா? கூடாது. காரணத்தைக் கேளுங்கள்.

பூனையின் மலத்தில் என்ன இருக்கிறது?

சில பூனைகளின் மலத்தில் 'டாக்சோபிளாஸ்மா' என்னும் கண்ணுக்குத் தெரியாத கிருமியின் முட்டைகள் இருக்கும். எலியையோ பச்சை இறைச்சியையோ தின்னும் பூனைக்கு இது தொற்றுகிறது. மலம் கழித்த உடனே இம்முட்டைகள் நோயைப் பரப்புவதில்லை. 1 முதல் 5 நாட்களுக்குள் மண்ணில் முதிர்ந்து, அதன் பிறகுதான் தொற்றும். ஈர மண்ணில் மாதக்கணக்கில் அழியாமல் கிடக்கும். மண் பட்ட கை வாய்க்குப் போனாலும், கழுவாத கொத்தமல்லி, வெள்ளரியைப் பச்சையாகத் தின்றாலும் கிருமி உடம்புக்குள் போய்விடும்.

பெரும்பாலோருக்கு இது வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. ஆனால் கர்ப்ப காலத்தில் முதல் முறையாகத் தொற்றினால் கருவிலுள்ள குழந்தையைத் தாக்கக்கூடும். கரு கலையலாம். குழந்தைக்குக் கண் பார்வை கெடலாம், தலையில் நீர் கோக்கலாம், மூளை வளர்ச்சி குன்றலாம்.

இதைப் படித்துவிட்டுப் பயப்பட வேண்டாம். பூனையைத் தொட்ட எல்லோருக்கும் இந்த நோய் வருவதில்லை. கரு கலைவதற்கு வேறு பல காரணங்களும் உண்டு. அப்படி நேர்ந்தால் 'அவள் ராசி' என்று பெண்ணின் மேல் பழி போடாதீர்கள். இருவருமாக டாக்டரிடம் போய்க் கேளுங்கள்.

பூனை ஏன் பாத்திக்கு வருகிறது?

மண்ணைத் தோண்டி மலம் கழித்து மூடுவது பூனையின் குணம். அதற்கு உலர்ந்த, பொலபொலவென்ற மண்தான் பிடிக்கும். புதிதாகக் கொத்திய பாத்தி அப்படித்தான் இருக்கிறது. ஆகவே, அந்த இடம் அதற்குப் பிடிக்காமல் போகும்படி செய்தால் போதும்.

நீங்கள் செய்ய வேண்டியவை:

1. விதைத்ததும் பாத்தியின் மேல் இலந்தை முள்ளையோ வேலிக்கருவை முள்ளையோ பரப்புங்கள். பழைய மீன் வலை இருந்தால் நாலு குச்சி நட்டு இழுத்துக் கட்டலாம்.

2. செடி வளர்ந்த பின் இடையில் தெரியும் மண்ணைத் தேங்காய் மட்டையாலோ கூழாங்கல்லாலோ மூடுங்கள். தோண்ட இடமில்லாவிட்டால் பூனை வேறு இடம் பார்க்கும்.

3. மாலையில் தண்ணீர் தெளியுங்கள். ஈர மண்ணில் கால் வைக்கப் பூனை விரும்பாது.

4. மீன் கழுவிய தண்ணீரையும் செதிலையும் கொல்லையில் கொட்டாதீர்கள். வாசனை பிடித்து வரும்.

5. தோட்டத்துக்கு எட்டத்தில், ஒரு மூலையில் கொஞ்சம் மணல் கொட்டி வையுங்கள். பூனை அங்கே போகப் பழகிக்கொள்ளும். வீடு கட்டக் கொட்டிய மணலில் பிள்ளைகள் விளையாடினால், இரவில் அதைச் சாக்குப் போட்டு மூடுங்கள்.

6. மலம் கிடந்தால் அன்றன்றே களைக்கொத்தால் மண்ணோடு எடுத்து, கிணற்றுக்குத் தள்ளிக் குழி தோண்டிப் புதையுங்கள். இது கணவரின் வேலை. கர்ப்பிணி செய்யக் கூடாது.

7. தோட்ட வேலை முடிந்ததும் கையைச் சோப்புப் போட்டு, நகத்தின் இடுக்கு உட்பட நன்றாகக் கழுவுங்கள். கீரையை மூன்று நான்கு தண்ணீரில் அலசுங்கள். இறைச்சியை நன்றாக வேகவிடுங்கள்.

விஷம் வைக்காதீர்கள்!

எலி மருந்தைச் சோற்றில் கலந்து வைப்பவர்கள் இருக்கிறார்கள். அதைக் கோழி தின்னும், நாய் தின்னும், தவழும் குழந்தையும் எடுத்து வாயில் வைத்துவிடும். பாச்சை உருண்டையும் அப்படித்தான். பூனை நமக்குப் பகையல்ல. நெல் மூட்டையை எலியிடமிருந்து காப்பதும் அதுதானே? பக்கத்து வீட்டாரிடம் சண்டைக்குப் போகாமல், "அக்கா, கொஞ்சம் உங்க வீட்டுப் பக்கமும் மணல் கொட்டி வையுங்களேன்" என்று பக்குவமாகச் சொல்லுங்கள்.

விரட்டும்போது பூனை கடித்தாலோ பிறாண்டினாலோ சுண்ணாம்பும் மஞ்சளும் வைக்காதீர்கள். சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் செல்லுங்கள். வெறிநோய் பூனையாலும் வரும். கர்ப்பிணிகளும் தடுப்பூசி போட்டுக்கொள்ளலாம். சொன்ன தேதிகளில் எல்லா ஊசிகளையும் தவறாமல் போட்டுக்கொள்ள வேண்டும்.

மேற்கொண்டு சந்தேகம் இருந்தால் உங்கள் கிராம சுகாதார செவிலியரைக் கேளுங்கள். நாளைக் காலையில் பாத்தி கிளறிக் கிடந்தால் களைக்கொத்தை யார் எடுப்பது என்பதை இன்று இரவே இருவரும் பேசி முடிவு செய்யுங்கள்.

பாத்தியைக் காத்தால் கீரை. கையைக் கழுவினால் சுகம்.