வருமானம் கூடின வருஷத்தில் வந்த தவணை: திருப்பிக் கட்டணுமா?

திண்டுக்கல் சுற்றுவட்டாரத்தில் ஒரே வருமானத்தில் ஓடும் வீடுகள் குறைவு. ஆத்தூர் பக்கம் ஒன்றரை ஏக்கர் நிலம் இருக்கும், டவுனில் பூட்டுப் பட்டறையோ ஹார்டுவேர் கடையோ இருக்கும். சின்னாளபட்டியில் தறி, நிலக்கோட்டையில் மல்லிகை என்று ரெண்டு மூன்று வழியில் பணம் வரும். முகூர்த்த மாசத்தில் பூ விலை ஏறும், அடுத்த மாசமே இறங்கும். ஆனால் அரசு உதவித்தொகைக்கு வருமானம் ஆண்டுக் கணக்கில்தான் பார்க்கப்படுகிறது. சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

ஒரு கற்பனைக் குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். நிலம் கணவர் பெயரில் இருக்கிறது, பி.எம். கிசான் திட்டத்தில் வருஷத்துக்கு 6,000 ரூபாய் மூன்று தவணையாக வருகிறது. டவுனில் கடையும் இருக்கிறது. 2023-ல் வீட்டுக்கடன் கேட்டுப் போனபோது, "ஐ.டி. ரிட்டர்ன் கொண்டு வாங்க" என்று வங்கி சொன்னது. ஆடிட்டர் 2022-23 நிதியாண்டுக்கு 6 லட்சம் வருமானம் காட்டினார். பழைய முறையில், கழிவு எதுவும் இல்லாமல், வரி 33,800 ரூபாய். அதைக் கட்டினார்கள், கடனும் கிடைத்தது. பி.எம். கிசான் தவணை மட்டும் வழக்கம்போல வந்துகொண்டே இருந்தது.

பி.எம். கிசான் விதிப்படி, கடந்த மதிப்பீட்டு ஆண்டில் வருமான வரி கட்டியவர் குடும்பத்துக்கு இந்தத் தொகை கிடையாது. குடும்பம் என்றால் கணவன், மனைவி, 18 வயதுக்குட்பட்ட பிள்ளைகள். நிலம் ஒருவர் பெயரிலும் வரி இன்னொருவர் பெயரிலும் இருந்தாலும் இது பொருந்தும். "பணம் வந்துட்டுத்தானே இருக்கு, தகுதி இல்லேன்னா அவங்களே நிறுத்தியிருப்பாங்களே" என்று நினைக்காதீங்க. ஆதார், பான் விவரங்களை வைத்து வருமான வரித் தகவலோடு ஒப்பிட்டுப் பார்ப்பது பிறகுதான் நடக்கும். அதற்குள் வந்த தவணைகளைத் திருப்பிக் கட்டச் சொல்லி அறிவிப்பு வரும்.

இங்கே ஒரு வித்தியாசம் முக்கியம். ரிட்டர்ன் தாக்கல் செய்வது வேறு, வரி கட்டுவது வேறு. கடனுக்காக ரிட்டர்ன் போட்டு, வரி பூஜ்யம் என்று வந்திருந்தால் நீங்கள் வரி கட்டியவர் ஆகமாட்டீர்கள். அப்படியும் தவணை நின்றுவிட்டால், வருமான வரித்துறை அனுப்பும் 143(1) அறிவிப்பைப் பதிவிறக்கி, உங்கள் வட்டார வேளாண்மை உதவி இயக்குநர் அலுவலகத்தில் காட்டுங்கள். விவசாய வருமானத்துக்கு வருமான வரி இல்லை என்பதால், பூவும் காய்கறியும் விற்ற பணம் மட்டும் உங்களை இந்த விதிக்குள் கொண்டுவராது. பெரும்பாலும் கடை, வாடகை, வண்டி வருமானம்தான் கொண்டுவரும்.

திருப்பிக் கட்டுவது போனிலேயே முடியும். பி.எம். கிசான் இணையதளத்தில் 'ஃபார்மர்ஸ் கார்னர்' பகுதியில் 'ரீஃபண்ட் ஆன்லைன்' இருக்கும். ஏற்கெனவே கட்டிவிட்டவர்களுக்கு ஒரு வழி, இனிமேல் கட்டுபவர்களுக்கு ஒரு வழி. ஆதார் எண் கொடுத்ததும், திருப்பவேண்டிய தொகை இருந்தால் காட்டும், இல்லை என்றால் இல்லை என்றே சொல்லிவிடும். அதனால் நீங்களாகக் கணக்குப் போட்டு யார் கணக்குக்கும் அனுப்ப வேண்டாம். கட்டிய ரசீதை ஸ்கிரீன்ஷாட்டோடு விடாமல் ஒரு பிரிண்டும் எடுத்து வையுங்க. போன் தொலைந்தாலும் அந்தக் காகிதம் பேசும். சந்தேகம் இருந்தால் 155261 என்ற எண்ணுக்குக் கூப்பிடலாம்.

இந்தத் தொகையை இவ்வளவு கறாராகப் பார்ப்பதற்குக் காரணம் உண்டு. 2020-ல் தமிழ்நாட்டில் தகுதியில்லாத பலர் இந்தத் திட்டத்தில் சேர்க்கப்பட்டு, சுமார் 110 கோடி ரூபாய் போனது தெரியவந்தது. சி.பி.சி.ஐ.டி. விசாரித்தது. இடைத்தரகரை நம்பிப் பெயர் கொடுத்த பலரின் வங்கிக் கணக்கிலிருந்தே பணம் திரும்ப எடுக்கப்பட்டது.

இனி கலைஞர் மகளிர் உரிமைத் தொகை. 2023 செப்டம்பர் 15-ல் தொடங்கிய இந்த மாதம் 1,000 ரூபாய்க்கு அளவுகோலே வேறு. குடும்ப ஆண்டு வருமானம் 2.5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். சொந்தப் பயன்பாட்டுக்குக் கார் இருக்கக் கூடாது. ஆண்டுக்கு 50 லட்சத்துக்கு மேல் விற்பனை செய்து ஜி.எஸ்.டி. கட்டும் தொழில் உரிமையாளராக இருக்கக் கூடாது. பலர் தடுமாறும் இடம் இதுதான். 2025-26-ல் புதிய முறையில் 12 லட்சம் வரை வரி இல்லை, ஆகவே நம்ம குடும்பம் அதே 6 லட்சம் காட்டினாலும் வரி பூஜ்யம். பி.எம். கிசானின் வரித் தடை அந்த வருஷத்துக்குப் பொருந்தாது. ஆனால் 2.5 லட்சம் என்ற எல்லை அப்படியே நிற்கிறது. 'வரி இல்லை, அதனால் உரிமைத் தொகை உண்டு' என்று சேர்த்து நினைக்க முடியாது. வங்கிக்கு 6 லட்சம், உரிமைத் தொகை விண்ணப்பத்தில் 2 லட்சம் என்று ஒரே வருஷத்துக்கு ரெண்டு கணக்கு சொன்னால், பின்னாடி பதில் சொல்ல வேண்டியது நீங்கதான், ஆடிட்டர் இல்லை.

வருமானம் மறுபடி இறங்கினால்? கடையை மூடியிருந்தால் ஜி.எஸ்.டி. பதிவை ரத்து செய்த சான்று, தாசில்தார் தரும் புதிய வருமானச் சான்றிதழ் (இ-சேவை மையத்தில் 60 ரூபாய்), இரண்டையும் தயாராக வைத்திருங்கள். உரிமைத் தொகை மறுக்கப்பட்டதாகக் குறுஞ்செய்தி வந்தால், 30 நாளுக்குள் இ-சேவை மையம் வழியாக வருவாய்க் கோட்டாட்சியருக்கு மேல்முறையீடு செய்யலாம். நம் மாவட்டத்தில் திண்டுக்கல், பழனி, கொடைக்கானல் என்று மூன்று கோட்டங்கள். உங்கள் தாலுகா எதில் வருகிறது என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். பதில் வராவிட்டால் திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாளில் மனு கொடுக்கலாம், 1100-க்கும் பேசலாம்.

கடைசியாக ஒன்று. "கிசான் பணம் கூடுதலா வந்திருக்கு, உடனே கட்டுங்க" என்று வாட்ஸ்அப்பில் ஏ.பி.கே. கோப்பு வந்தால் தொடாதீங்க, ஓ.டி.பி. கேட்டால் சொல்லாதீங்க. தெரியாமல் தொட்டுப் பணம் போயிருந்தால், உடனே 1930-க்குக் கூப்பிடுங்கள்.