முட்டை ஓட்டின் கனத்தை உடைக்காமல் அறிவது எப்படி?

நாமக்கல்லில் ஏற்றிய முட்டை படப்பைக்கு வந்து சேர முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் ஓட வேண்டும். முப்பது முட்டை கொண்ட அட்டையில் ஒன்று கீறினாலே நூற்றுக்கு மூன்றுக்கு மேல் நஷ்டம். முட்டையில் நமக்கு நிற்கும் லாபம் எவ்வளவு என்பது வணிக அன்பர்கள் அறிந்ததே.

சென்ற கோடையில் எங்கள் கடைக்கு வந்த ஒரு லோடில் அட்டைக்கு இரண்டு மூன்று வீதம் கீறல். மொத்த வியாபாரியிடம் கேட்டால், "டிரைவர் மேடு பள்ளம் பாராமல் ஓட்டியிருப்பார்" என்றார். டிரைவரோ, "ஓடே மெலிசுங்க, நான் என்ன செய்ய?" என்றார். ஓட்டை உடைத்து அளந்தால் உண்மை தெரிந்துவிடும். ஆனால் உடைத்த முட்டையை யாரிடம் விற்பது? உடைக்காமல் அறிய ஒரு பழைய வழி இருக்கிறது. உப்புத் தண்ணீரே போதும்.

முட்டையின் உள்ளிருப்பது தண்ணீரைவிடச் சற்றே கனமானது. ஓடோ தண்ணீரைப் போல் இரண்டு மடங்குக்கும் மேல் கனம். ஆகவே ஓடு தடித்த முட்டை கெட்டியான உப்புக் கரைசலிலும் மூழ்கும்; மெலிந்தது மிதக்கும். மூன்று லிட்டர் தண்ணீரில் சுமார் 370 கிராம் உப்பைக் கரைக்கவும். பால் மானி இதற்கு உதவாது. அதன் கோடுகள் இவ்வளவு கெட்டியான கரைசலுக்குப் போவதில்லை. நம் தராசு உதவும். முத்திரையிட்ட அளவையால் ஒரு லிட்டர் கரைசல் எடுத்து, பாத்திர எடை போக நிறுத்தால் 1,080 கிராம் நிற்க வேண்டும். குறைந்தால் உப்பு, கூடினால் தண்ணீர். அன்று இட்ட முட்டை இதில் மூழ்கினால் ஓடு நல்ல ஓடு என்பது கோழிப்பண்ணைக் கணக்கு. ஓடு 0.33 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் சாதாரணமாகக் கையாளும்போதே உடைவது கூடும். கீறல் முட்டையைக் கரைசலில் போட வேண்டாம். முட்டையும் கரைசலும் ஒரே சூட்டில் இருக்கட்டும்.

நாங்கள் முப்பது முட்டை போட்டோம். இருபது மிதந்தன. டிரைவர் சொன்னதே சரி என்று மொத்த வியாபாரியிடம் சண்டைக்குப் போய்விட்டோம். அவர் அமைதியாக, "இட்டு ஐந்து நாள் ஆன முட்டையாச்சே, மிதக்காமல் என்ன செய்யும்?" என்றார். தவறு நம்முடையதுதான். ஓட்டில் ஆயிரக்கணக்கான நுண்துளைகள் உண்டு. அவற்றின் வழியே ஈரம் வெளியேறிக் காற்று உள்ளே புகுவதால், நாளாக ஆக எந்த முட்டையும் லேசாகும். மிதப்பது மெலிந்த ஓட்டாலா, வயதாலா என்று கரைசல் சொல்லாது.

அடுத்த வாரம் அதே பண்ணை முட்டை முப்பதும் வேறொரு பண்ணை முட்டை முப்பதும், இரண்டும் இட்டு இரண்டே நாள் ஆனவையாகக் கேட்டு வாங்கி, ஒரே கரைசலில் போட்டோம். முதல் பண்ணையில் பதினேழு மிதந்தன, மற்றதில் ஆறு. வியாபாரி பண்ணையில் விசாரித்தார், வயதான கோழிகளாம். நஷ்டத்தில் பாதியை ஏற்றுக்கொண்டார். இப்போது பில்லிலேயே முட்டை இட்ட தேதியைக் குறித்து அனுப்புகிறார்.

கோழிக்கு வயது ஏறினால் முட்டை பெரிதாகும்; சுண்ணாம்பு அந்த அளவுக்குக் கூடாததால் ஓடு மெலியும். வெயிலில் இளைக்கும் கோழி கரியமில வாயுவை அதிகமாக வெளியேற்றுவதாலும் ஓடு கெடும். ஆகவே சித்திரை, வைகாசியில் வாடிக்கையாளர் விரும்பும் பெரிய முட்டையை நாம் கொஞ்சம் பயந்தே வாங்க வேண்டும்.

கருவியும் உண்டு. ஒரகடம் பக்கத் தொழிற்சாலைகளில் வேலை பார்க்கும் நம் வாடிக்கையாளர்களைக் கேட்டால், குழாயை அறுக்காமல் ஒலி அலை அனுப்பி அதன் சுவர்க் கனத்தை அளப்பதைச் சொல்வார்கள். முட்டைக்கும் அதே முறைதான். அலை ஓட்டைக் கடந்து திரும்ப ஒரு வினாடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்குகூட ஆகாது. ஆராய்ச்சிக்கூடத்துக்கு ஏற்ற கருவி அது, மளிகைக் கடைக்கல்ல. பிரிட்டனில் டெரிக் ராட்கிளிஃப் என்பவர் சேகரிப்புகளில் இருந்த வல்லூறு முட்டை ஓடுகளை நிறுத்து, நீள அகலத்தோடு ஒப்பிட்டே, 1940-களின் பிற்பகுதி முதல் ஓடு மெலிந்துவந்ததை 1967-ல் காட்டினார். அதற்குக் காரணம் டி.டி.டி. என்பது பின்னர் தெளிவாயிற்று. அவர் கையில் இருந்ததும் தராசுதான்.

சோதித்த முட்டையைக் கழுவி அன்றே வீட்டுச் சமையலுக்குக் கொடுத்துவிடவும். நனைந்தால் ஓட்டின் மேலுள்ள காப்புப் படலம் போய்விடும். அதைத் திரும்ப விற்பனை அட்டையில் அடுக்கக் கூடாது.