வேலியோரத்து ஓணான்

இரண்டாமாண்டு பி.எஸ்ஸி. (விலங்கியல்)

வேலியில் போகிற ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதை என்று நம் நாட்டில் ஒரு பழமொழி உண்டு. வீண் வம்பைத் தேடிக்கொள்வோரைக் குறிக்க இதனைச் சொல்வர். பழமொழியைச் சற்று ஊன்றிப் பார்த்தால் ஓர் உண்மை புலப்படும். ஓணான் தன் வழியில்தான் போகிறது. வம்புக்குப் போகிறவன் மனிதனே! தோட்டங்களிலும் பூங்காக்களிலும் நாம் நாள்தோறும் காணும் இச்சிற்றுயிரைப் பற்றிச் சில செய்திகளைக் கூற விழைகிறேன்.

பெயர் வரலாறு

ஓணான், ஓந்தி, ஓடக்கான், கரட்டான் என வட்டாரத்திற்கு ஒரு பெயர் வழங்குகிறது. விலங்கியலார் இதனைக் ‘கலோட்டஸ் வெர்சிகலர்’ என்பர். முதற்சொல் அழகு என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. அடுத்தது நிறம் மாறுவது எனப் பொருள்படும் இலத்தீன் சொல். இப்பெயருக்கு உரிய இனத்தை 1802-ஆம் ஆண்டில் விவரித்தவர் தோதேன் என்னும் பிரெஞ்சு அறிஞர். இளமையிலேயே கால்கள் செயலிழந்தவர் அவர். 2021-இல் இவ்வினத்தை மீண்டும் ஆராய்ந்தோர், புதுச்சேரியில் கிடைத்த ஓர் ஓணானையே இதன் அடையாள மாதிரியாக அமைத்தனர். நாம் கல்லெறியும் ஓணானுக்கு உலக அறிவியலில் இத்துணைப் பெருமை!

ஓணானும் பச்சோந்தியும்

இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதுவோர் பலர். பச்சோந்தி இரு கண்களையும் தனித்தனியே சுழற்றும். நீண்ட நாவை வீசி இரை பிடிக்கும். வாலால் கிளையைச் சுற்றிக்கொள்ளும். ஓணானுக்கு அத்தகைய நாவும் சுற்றிக்கொள்ளும் வாலும் இல்லை. உடலைப்போல் இரு மடங்குக்கும் மேல் நீண்ட வாலும், முதுகில் முள்வரிசையும் உண்டு. பல்லியைப்போல் வாலைத் துண்டித்துக்கொண்டு தப்பவும் இதனால் இயலாது.

சிவப்பின் காரணம்

ஓணான் தூரத்திலிருந்தே நம் இரத்தத்தை உறிஞ்சிவிடும் என்று எங்கள் ஊரில் சொல்வார்கள். ஆங்கிலேயரும் இதனை ‘பிளட் சக்கர்’ என்றே அழைத்தனர். உண்மை வேறு. இனப்பெருக்கக் காலத்தில் ஆண் ஓணானின் தலையும் தொண்டையும் சிவக்கின்றன. உயரமான இடத்தில் ஏறி, தொண்டைப் பையை விரித்து, தண்டால் எடுப்பதுபோல் உடலை உயர்த்தித் தாழ்த்திப் பெண்ணை அழைக்கிறது. பிற ஆண்களை எச்சரிக்கிறது. தோற்றோடும்போது அச்சிவப்பு மங்கிவிடுகிறது. தோலிலுள்ள நிறச்செல்களின் செயலே இது. இதற்கு நஞ்சும் இல்லை.

பெண் ஓணான் மென்மையான மண்ணைத் தோண்டிப் பத்து முதல் இருபது முட்டைகள் வரை இட்டு, மூடிவிட்டுப் போய்விடும். ஏறத்தாழ ஆறேழு வாரங்களில் குஞ்சுகள் தாமாகவே வெளிவருகின்றன.

உழவனின் தோழன்

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். விடுமுறையில் இவற்றையெல்லாம் வீட்டில் சொன்னபோது, “ஓணானைப் பத்திப் படிக்கவா உன்னைக் காலேஜுக்கு அனுப்பினோம்?” என்று அப்பா கேட்டார். மறுநாள் காலை அவரைக் கத்திரிக்காய்ப் பாத்தியருகே உட்கார வைத்தேன். வேலியிலிருந்து இறங்கிய ஓர் ஓணான், எங்கள் கண்முன்னே ஒரு வெட்டுக்கிளியைக் கவ்விச் சென்றது. சற்று நேரத்தில் மற்றொன்றையும் பிடித்தது. அப்பா ஒன்றும் பேசவில்லை. வீடு திரும்பியதும், தம்பி செய்து வைத்திருந்த ஈர்க்குக் கண்ணியை வாங்கிக் கூரையில் செருகிவிட்டார்.

முடிவுரை

கண்ணியில் மாட்டி, வாயில் மூக்குப்பொடி திணித்து, ஓணான் துள்ளுவதைக் கண்டு கைகொட்டும் சிறுவர்களை இன்றும் சிற்றூர்களில் காணலாம். அவர்கள் கொடியவர் அல்லர். அவர்களுக்கு எவரும் எடுத்துச் சொல்லவில்லை. சிற்றூர்களிலிருந்து இங்கு வந்து பயிலும் நாமல்லவா அதனைச் சொல்ல வேண்டும்? தேர்வுத்தாளில் எழுதுவதோடு நம் படிப்பு முடிந்துவிடலாகாது. நாம் கற்றதை ஊராருக்கும் எடுத்துரைப்போம். ஓணான் தன் வேலியில் அச்சமின்றி வாழட்டும்!