பழைய டிராக்டர் எஞ்சினைச் சிக்கனமாகப் புதுப்பிக்கும் முறை

சேத்துப்பட்டு வட்டாரத்தில் நெல், மணிலா பயிரிடும் சிறு விவசாயிக்குப் பழைய டிராக்டர் ஒன்று இருந்தால், சொந்த நிலத்தை உழவும், அக்கம்பக்கத்தில் வாடகைக்கு ஓட்டவும், ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்துக்கு மூட்டை ஏற்றவும் அதுவே துணை. பல ஆயிரம் மணி ஓடிய எஞ்சின் புகை கக்கி, இழுவை குறைந்தால், "முழு எஞ்சின் வேலை பார்க்க வேண்டும்" என்பார்கள். கடன் வாங்குமுன் தேய்ந்தது எது என்று அறிந்துகொள்வது நல்லது.

புகையைக் கவனியுங்கள்

கறுப்புப் புகை வந்தால் காற்று போதவில்லை, அல்லது டீசல் அதிகம் இறங்குகிறது. ஏர் கிளீனரையும் நாசிலையும் முதலில் பாருங்கள். நீலப் புகை, எஞ்சின் ஆயில் எரிவதைக் காட்டும். எஞ்சின் சூடான பிறகும் வெள்ளைப் புகை நிற்காவிட்டால், டீசல் சரியாக எரியவில்லை அல்லது தண்ணீர் உள்ளே இறங்குகிறது. ஆயில் பால்போல் வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்துவிட்டது. வண்டியை ஓட்டக் கூடாது.

கழற்றுமுன் சோதனை

நாசில் இருக்கும் இடத்தில் கேஜைப் பொருத்தி, ஒவ்வொரு சிலிண்டரின் கம்ப்ரஷனையும் பார்க்கச் சொல்லுங்கள். குறைந்த சிலிண்டரில் ஒரு தேக்கரண்டி ஆயில் விட்டு மறுபடி பார்க்க வேண்டும். அழுத்தம் ஏறினால் ரிங், லைனர் தேய்ந்திருக்கலாம். ஏறாவிட்டால் வால்வு அல்லது ஹெட் கேஸ்கெட்டில் கோளாறு இருக்கலாம். வால்வு மட்டும் கெட்டிருந்தால் ஹெட்டைக் கழற்றி, வால்வும் சீட்டும் தேய்த்துப் பொருத்தினால் போதும். செலவு பெரிதும் குறையும்.

எதில் சிக்கனம் கூடாது?

தேய்ந்த லைனரில் புது ரிங் மட்டும் போடுவது வீண் செலவு. சில மாதங்களில் நீலப் புகை திரும்பவும் வரும். லைனரின் மேல், நடு, அடிப் பகுதிகளை அளக்க வேண்டும். மேலே மிகுந்த தேய்மானம் இருந்தால், ஏர் கிளீனர் வழியே தூசி புகுந்திருக்கலாம். மண்ணில் உள்ள சிலிகா இரும்பைவிடக் கடினமானது. அதை நிறுத்தாமல் புதுப்பித்தால் பணம் மண்ணாகிவிடும்.

கிராங்கை அளந்தபின்தான் கிரைண்டிங் செய்ய வேண்டும். 0.25 மி.மீ. குறைத்தால் அதே அளவு குறைந்த பேரிங் போட வேண்டும். கிராங்க் அளவில் சரியாக இருந்தால் மெருகேற்றினால் போதும். ரிங், பேரிங், கேஸ்கெட், ஆயில் ஃபில்டர் ஆகியவற்றில் தரம் குறைந்ததை வாங்காதீர்கள்.

சென்னையில் 1960-ல் தொடங்கிய டாஃபே நிறுவனத்தின் டிராக்டர்களில் சிம்ப்சன் எஞ்சின்கள் அமைந்த வண்டிகள் ஏராளம். இப்படிப் பழகிய எஞ்சின்களுக்கு உதிரிபாகம் கிடைப்பது எளிது. பட்டறையில் வேலையின் விவரத்தையும் கூலியையும் எழுதி வாங்குங்கள். கழற்றிய பழைய பாகங்களையும் கேட்டு வாங்குங்கள்.

மேம்படுத்துவது எப்படி?

பம்ப் ஸ்க்ரூவைத் திருகி டீசல் கூட்டுவது மேம்பாடு அல்ல. காற்று கூடாமல் டீசல் மட்டும் கூடினால் கறுப்புப் புகையும், பிஸ்டன் கருகலும்தான் மிச்சம். ஏர் கிளீனர் குழாயில் விரிசல் இல்லாமல் புதுக் கிளிப் போடுங்கள். ஆயில் பாத் ஏர் கிளீனராயின் தினமும் கிண்ணத்தைப் பார்த்து, சேறு படிந்தால் கழுவி, குறித்த அளவுக்கு ஆயில் ஊற்றுங்கள். கோடையில் சூடாகிறதென்று சிலர் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிகிறார்கள், அது தவறு. குளிர்ந்தே ஓடும் எஞ்சின் அதிகம் தேயும். ரேடியேட்டரை உட்புறமும் வெளிப்புறமும் சுத்தம் செய்தாலே பெரும்பாலும் சூடு அடங்கும்.

எஞ்சின் சீரானால் மணிக்கு அரை லிட்டர் டீசல் மிச்சமாகிறது என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 600 மணி ஓடினால் 300 லிட்டர். அந்தக் கணக்கைச் செலவுடன் ஒப்பிட்டு, முழு வேலையா, பாதி வேலையா என்று முடிவு செய்யுங்கள்.

புதுப்பித்தபின்

முதல் 50 மணி நேரம் மிதமான சுமையில் ஓட்டுங்கள். சேற்றுழவுக்கு உடனே இறக்குவதும், சும்மா நிறுத்தி நெடுநேரம் ஓடவிடுவதும் கூடாது. 50 மணி முடிந்ததும் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றி, வால்வு இடைவெளியைச் சரிபார்க்க வேண்டும். ஆயில் மாற்றிய தேதியையும் மணி மீட்டர் கணக்கையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். பட்டறைக்காரரிடம் அந்த நோட்டைக் காட்டினால், அடுத்த கோளாறைக் கண்டுபிடிப்பது அவருக்கும் எளிது.